மூக்குப் பழகினவர்கள்

ஜூன் 5, திங்கள்

கோயமுத்தூர் டாக்டரம்மா தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார். என்ன எழுதுகிறேன் என்பது அவருக்கு முக்கியமில்லையாம். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், மேல்கோட்டைத் தொட வேண்டும், அவ்வளவுதான். முதல் வரியைப் பெரிதாகத்தான் ஆரம்பிக்கிறேன். நாலாவது வரிக்கு வருவதற்குள் எறும்பு மாதிரி சுருங்கிவிடுகிறது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் கையெழுத்துப் பயிற்சி.

வியாதியின் பெயர் பார்க்கின்சன். தமிழில் நடுக்குவாதம் என்றார். மூளையில் ஏதோ ஒரு சரக்கைத் தயாரிக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகின்றனவாம். மாத்திரை அந்தச் சரக்கை வெளியிலிருந்து கொடுக்குமே தவிர, செத்த செல்லைத் திருப்பித் தராது. வலது கை நடுக்கம், நான் சுளுக்கு என்று ஒரு வருஷமாக எண்ணெய் தேய்த்த தோள் இறுக்கம், எல்லாமே அதுதான். “வழக்கமா அறுபதுக்கு மேலதான் அதிகமா வரும். உங்களுக்குச் சீக்கிரமே வந்திருச்சு,” என்றார். எதிலும் முந்தாதவன் இதில் மட்டும் முந்தியிருக்கிறேன்.

“என்ன வேலைங்க பார்க்கறீங்க?” என்று கேட்டார்.

“திருப்பூருங்க. பனியன் கம்பெனி. செக்கிங்.”

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரி துளசிமணி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் காலைச் செருப்பால் லேசாக மிதித்தேன். வேலை இன்னதென்று சீட்டில் ஏறிவிட்டால் அது எங்கெங்கே போகுமோ, யார் கண்டது. பொய்யும் சொல்லவில்லை. என் அறை செக்கிங் ஹாலின் கடைசியில்தான் இருக்கிறது.

ஜூன் 6, செவ்வாய்

மாத்திரை மூன்று வேளை. சட்டைப் பொத்தான் போட இருபது நிமிஷம்.

ஜூன் 9, வெள்ளி

என் வேலையைப் பற்றி எழுதினால் ஒரு பக்கம் தாராளமாக நிறையும்.

தையல் மெஷினிலிருந்து துணியில் எண்ணெய் சொட்டும். ஏற்றுமதிக்குப் போகிற பனியனில் கடுகளவு கறை இருந்தாலும் வாங்குகிறவன் திருப்பி அனுப்பிவிடுவான். அந்தப் பீஸெல்லாம் கூடை கூடையாக எங்கள் அறைக்கு வரும். கையில் ஒரு கன், அதற்கு அடியில் டப்பாவில் மருந்து. விசையை அழுத்தினால் ஊசி மாதிரி பீய்ச்சும், கறை கரைந்து அடியில் இருக்கிற பஞ்சுத் துணிக்கு இறங்கிவிடும். மருந்து காய்ந்த இடத்தைச் சுற்றி வளையம் விழாமல் எடுப்பதில்தான் வித்தை இருக்கிறது. வளையம் கறையைவிட அசிங்கம். பதினாறு வருஷத்தில் இந்தச் சென்னியப்பன் கையில் வளையம் விழுந்த பீஸை விரல் விட்டு எண்ணலாம். இதை எழுதும்போது எழுத்து தானாகப் பெரிதாகிறது.

அறையில் என்னோடு ஐந்து பெண்கள். மூத்தவள் ரோஸ்லின், பத்து வருஷமாக இருக்கிறாள். புதுசு மாதேஸ்வரி, வந்து மூன்று வாரம். ஜன்னல் திறப்பதில்லை, தூசி வரும். புகையை வெளியே தள்ளுகிற ஃபேன் ஒன்று சுவரில் இருக்கிறது. ரிப்பேர்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் தலைவலி, கிறுகிறுப்பு எல்லாம் இருக்கும். மருந்தின் வாசம் தித்திப்பாக, கொஞ்சம் சொக்க வைக்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் அது தெரியாமல் போகும். அன்றைக்கு அவருக்கு மூக்கு பழகிவிட்டது என்று அர்த்தம், அறையில் எல்லாருக்கும் அவர் போண்டா வாங்கித் தர வேண்டும். எங்கள் அறையின் சட்டம் இது. இன்று மாதேஸ்வரி வாங்கி வந்தாள்.

“இன்னைக்குத்தான் நீ எங்காளு,” என்று ரோஸ்லின் அவள் முதுகில் தட்டினாள்.

நான் வலது கையை டேபிளுக்குக் கீழே வைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிட்டேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 14, புதன்

கவனித்திருக்கிறார்கள்.

கருநீல டீசர்ட், நெஞ்சில் வெள்ளை அச்சு. காலருக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி. கன்னைப் பிடித்தேன், கை எகிறியது, அச்சு உரிந்து வழிந்துவிட்டது. அடுத்த பீஸும் அப்படியே. மூன்றாவதை எடுக்கும்போது சூப்பர்வைசர் பிரபாகர் பின்னால் நின்றுகொண்டிருந்தான். வளையத்தை எப்படிப் பார்ப்பது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

வெளியே கூப்பிட்டுப் போனான். “என்னங்ணா, கை இப்படி ஆடுது?”

“நரம்புத் தளர்ச்சிடா. மாத்திரை சாப்புடறேன்.”

“ரெண்டு மாசம் ஓய்வெடுங்க. உங்க எடத்த வேற ஆளுக்குக் குடுத்தா அப்பறம் திரும்பி வர முடியாது, அது உங்களுக்கே தெரியும். அக்கா பிசிறு வெட்டத்தான போறாங்க? இங்க அனுப்புங்க. எடம் உங்க வீட்லயே இருக்கட்டும்.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. துளசி நூல் பிசிறு வெட்டுகிற இடத்தில் சம்பளம் இதில் பாதிதான். பிரபாகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நடுங்காத கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினான். எனக்குக் கோபமாக வந்தது.

ஜூன் 18, ஞாயிறு

கம்பெனியிலிருந்து எடுத்து வந்த பழைய கன்னில் தண்ணீர் ஊற்றித் துளசிக்குப் பழக்கினேன். கைக்குள் அடக்கமாகப் பிடிக்கிறாள். அவளுக்கு வரும்.

ஜூன் 21, புதன்

அவள் வேலைக்குப் போய் மூன்று நாள். வீட்டில் நான். ரசம் வைத்தேன், தாளிப்பு கருகிப் போனது பாத்திரத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அது பரவாயில்லை. மத்தியானம் எதிர்வீட்டு அம்மிணி கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். “ஏனுங்ணா, தெருவே கேஸ் நாறுது! உள்ள உக்காந்துட்டு என்ன பண்றீங்?” அடுப்புத் திருகு பாதி திறந்திருந்தது. பொங்கி அணைந்திருக்கிறது போல. அடுப்பிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சளி என்று சொல்லி அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்தேன். கற்பூரத்தை நசுக்கிப் பார்த்தேன். துளசியின் தலையணையை எடுத்து முகத்தில் அழுத்தினேன். ஒன்றுமில்லை. வெறும் துணி.

எப்போதிலிருந்து என்று யோசித்தால் ஆறேழு வருஷம் இருக்கும். சாயப் பட்டறைச் சாக்கடை பக்கம் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள், நான் கையை வீசிக்கொண்டு போவேன். அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

ஜூன் 26, திங்கள்

துளசிக்குத் தலைவலி. வந்ததும் படுத்துவிடுகிறாள். “மருந்து வாசம் தலைக்கு ஏறுதுங்,” என்றாள். மூக்கு பழகட்டும், சரியாகிவிடும் என்றேன்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்த நாச்சிமுத்தண்ணன் நினைவு வந்தது. கடைசிக் காலத்தில் குட்டிக் குட்டியாக எட்டு வைத்து, முன்பக்கம் சாய்ந்து நடப்பார். முகத்தில் சிரிப்பு, கோபம் எதுவும் வராது. வாய் ஓரம் எச்சில் ஒழுகும். குடித்தே அழிந்தார் என்று ஊரெல்லாம் பேச்சு. நானும் அப்படித்தான் சொல்வேன். அவர் நிறையக் குடிப்பார்.

ஜூன் 27, செவ்வாய்

அவர் குடித்து நான் பார்த்தது இரண்டே தடவை. ஒன்று அவர் மகள் கல்யாணத்தில்.

ஜூலை 3, திங்கள்

டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். துளசிக்கு லீவு இல்லை. எழுத்தைப் பார்த்தார், நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். வாசம் தெரிகிறதா என்றார். ஆறேழு வருஷமாக இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு நிறையக் கேட்டார். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா, காட்டுக்கு மருந்து அடிப்பீர்களா, வெல்டிங் பட்டறையில் இருந்தீர்களா, எண்ணெய் பிசுக்கு எடுக்கிற ரசாயனம் எதுவும் கையாண்டிருக்கிறீர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பொதுவாகச் சில விஷயம் சொன்னார். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

ஜூலை 4, செவ்வாய்

அந்தப் பொதுவான விஷயத்தை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இன்றைக்குப் பக்கம் நிறையாது.

“எதுக்குங்க இதெல்லாம் கேக்கறீங்க?” என்று நான்தான் கேட்டேன்.

“சில மருந்து மூச்சு வழியா ஒடம்புக்குள்ள போயி, அந்தச் செல்லுங்களக் கெடுக்குதுன்னு ஆராய்ச்சியில சொல்றாங்க,” என்றார். “பூச்சிக்கொல்லி சிலது. எண்ணெய்க் கறை எடுக்கற ஒரு திரவம், டிரைகுளோரோஎத்திலீன்னு பேரு. அது பட்டவங்களுக்கு இந்த வியாதி வர்ற வாய்ப்பு கூடுது. ஒடனே தெரியாது. பத்து வருஷம், இருபது வருஷம், அதுக்கு மேலயும் ஆகலாம். மூக்குதான் பல பேருக்கு முதல்ல போகும். ஆனா ஒருத்தரப் பார்த்து, இதனாலதான் உங்களுக்கு வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.”

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் குளியலறையில் வெள்ளைக் கேன் ஒன்று இருக்கிறது. கம்பெனியில் மருந்து தீர்ந்த கேனை ஆளுக்கொன்று வீட்டுக்கு எடுத்து வருவோம். சோப்புப் போட்டுக் கழுவித் தண்ணீர் பிடித்து வைப்போம். கெட்டியான கேன். அதன் அடியில் ஒட்டியிருந்த தாளை இன்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாதி கிழிந்திருக்கிறது. டிரை என்பது இருக்கிறது, எத்திலீன் என்பதும் இருக்கிறது. நடுவில் கிழிசல். நடுவில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா.

கேனை உடைக்க முயன்றேன். கையில் வலு இல்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். முகம் மரத்துப் போனதால் அழும்போதுகூட வாய் கோணவில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

ஜூலை 5, புதன்

துளசி வேலைக்குப் போனாள். சாப்பாட்டுத் தூக்கை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 8, சனி

இன்று சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்தேன். சாயங்காலம் வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. “ஏனுங், பிரபாகரு இன்னைக்கு எல்லார்த்துக்கும் முன்னால என்ன சொன்னாப்ல தெரியுங்களா? ‘அக்கா கைக்கு அண்ணன் கை தோத்துச்சு’ன்னு. ஒரு வளையம் விழுகல!”

இருபத்து மூன்று வருஷக் குடும்பத்தில் இவள் இப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு. பிசிறு வெட்டுகிற வேலையில் யாரும் யாரையும் பாராட்டுவதில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நான் கோழை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 12, புதன்

வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்வையிட வந்தார்களாம். எங்களுக்கு இது பழைய நாடகம். முதல் நாளே அறை கழுவப்படும், எல்லார் மூக்கிலும் முகமூடி ஏறும், மருந்துக் கேன்கள் மாடிக்குப் போகும். துளசிக்கு எல்லாம் புதுசு.

“ஃபேன் ஓடுச்சுங். நல்லா இழுக்குது. தலைவலியே இல்ல. நீங்க ரிப்பேருன்னீங்?”

“சரி பண்ணிருப்பாங்க.”

“அவிய போனதும் பிரபாகரு ஸ்டூல்மேல ஏறி ஒயரக் கழட்டி உட்டுட்டாப்ல. ஏனுங் அப்படி?”

“தெரியல,” என்றேன்.

ஜூலை 13, வியாழன்

தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஆர்டர். வெளிர் மஞ்சள் துணி. ஃபேன் ஓடினால் மருந்து சட்டென்று காய்கிறது, காய்ந்தால் வளையம் விழுகிறது. ஹாலிலிருந்து பஞ்சுத் தூசியையும் இழுத்து ஈரத்தில் ஒட்டுகிறது. நாற்பது பீஸ் திரும்பி வந்தது. திரும்பி வந்த பீஸில் என் பெயர் எழுதிச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். அதைத் தாங்க முடியவில்லை எனக்கு. எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஒயரைக் கழற்றச் சொன்னேன். அவன் முதலாளியிடம் கேட்க வேண்டாமா என்றான். நான் சொல்கிறேன் கழற்று என்றேன். முதலாளி பிறகு பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருக்குக் கரண்டு மிச்சம், எனக்கு வளையம் இல்லை. அதிலிருந்துதான் சென்னியப்பன் கை தங்கக் கை என்று பேர் வந்தது.

ரோஸ்லின் வந்தது அதற்கடுத்த வருஷம். யாராவது பார்வையிட வருகிற நாளைத் தவிர அந்த ஃபேன் ஓடி அவள் பார்த்ததே இல்லை. ரிப்பேர், ஒரு நாளைக்கு மேல் ஓடினால் மோட்டார் எரிந்துவிடும் என்று அவளிடம் சொன்னது நான். அவளுக்குப் பின் வந்த எல்லாரிடமும் அவள் சொன்னாள்.

ஜூலை 20, வியாழன்

துளசி பொட்டலத்தோடு வந்தாள். எண்ணெய் ஊறிய பேப்பரைப் பார்த்ததுமே என்னவென்று தெரிந்துவிட்டது.

“எனக்கும் மூக்கு பழகிருச்சுங்! எல்லார்த்துக்கும் போண்டா வாங்கிக் குடுத்தேன். உங்களுக்கு ரெண்டு எடுத்தாந்தேன். சட்னி தனியா இருக்குது.”

தட்டிவிட்டேன். சட்னி சுவரில் தெறித்தது. அவள் அப்படியே நின்றாள்.

பிறகு சொன்னேன். டாக்டரம்மா சொன்னதை, கேனில் படித்ததை, நாச்சிமுத்தண்ணனை. ஃபேனைச் சொல்லவில்லை. அவள் சுவரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்து முடித்துத் துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“மூணாந்தேதி.”

“பதினேழு நாளு.” அவள் கணக்கில் புலி. “பதினேழு நாளு தெரிஞ்சே என்னய அனுப்பீருக்கறீங்.”

அவள் துடைக்காமல் விட்ட ஒரு சட்னித் துளியை நான் விரலால் வழித்தேன்.

“சரி. நின்னுட்டா? உங்க மாத்திரைக்கு யாரு குடுப்பா? ஒரு வேள மாத்திரை தப்புனா கட்டில்ல இருந்து எந்திரிக்க மாட்டீங். வாடக, சாமான் எல்லாத்தையும் பிசிறு வெட்டிப் பார்க்க முடியுமா? உங்களுக்குப் பதனாறு வருசம் ஆச்சு. நான் ஒரு வருசம் போறேன். பொறவு நிக்கறேன்.”

“துளசி, வேண்டாம்.”

“வேண்டாம்னா என்ன பண்ணப் போறீங், நீங்க போறீங்களா?” என்றாள். கோபத்தில் கேட்டதுதான்.

ஜூலை 24, திங்கள்

அவள் கண்ணைத் துணியால் கட்டி வைத்து மூக்கைச் சோதித்தேன். கொத்தமல்லியைச் சொன்னாள். சீயக்காயைச் சொன்னாள். காப்பித் தூளுக்குக் கொஞ்ச நேரம் யோசித்தாள். “சளிங்,” என்றாள். சளிதான் போலிருக்கிறது. காலையில் தும்மினாள்.

ஜூலை 25, செவ்வாய்

மறுபடியும் காப்பித் தூள். சொல்லிவிட்டாள். வழக்கமாக டப்பாவைத் திறந்தாலே சொல்லிவிடுவாள், இன்று மூக்கருகே கொண்டுபோன பிறகு சொன்னாள். நான் பயத்தில் பார்க்கிறேனோ என்னவோ.

ஜூலை 28, வெள்ளி

பிரபாகரைப் போய்ப் பார்த்தேன். ஃபேனை ஓட விடு என்றேன். மருந்தை மாற்று, வேறு மருந்து இருக்கிறது, விலை கூட என்றால் கூடத்தான் என்றேன்.

“ஷிப்மெண்ட் முடியட்டுங்ணா.”

“ஷிப்மெண்ட் எப்படா முடிஞ்சிருக்குது?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “அண்ணா, அந்த ஒயரக் கழட்டுனது யாருன்னு எலெக்ட்ரீசியன் என்கிட்ட சொல்லியிருக்காப்ல. நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் கம்முனு இருங்க.”

அவன் மிரட்டவில்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஜூலை 31, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். என் இடத்துக்கு நானே போகிறேன். எனக்கு வந்தாகிவிட்டது, இனிமேல் அந்த மருந்து என்னை என்ன செய்துவிடும். மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கை அடங்குகிறது, இரண்டு மணி நேரம் போல நிற்கிறது. அந்த நேரத்தில் எடுக்கிற பீஸை எடுப்பேன். பிரபாகரிடம் இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொல் என்று கெஞ்சினேன். சரி என்றான். துளசியிடம் நீ நாளையிலிருந்து வீட்டில் இரு என்றேன்.

ஆகஸ்ட் 2, புதன்

நேற்றுத் தப்பித்தேன். இன்று மாத்திரை கேட்கவில்லை. பத்தரை மணிக்கே கை ஆட ஆரம்பித்துவிட்டது. வெள்ளைத் துணி. கன் நுனி கறையைச் சுற்றி ஆடுகிறது, கறையில் நிற்க மாட்டேன் என்கிறது. இரண்டு கையாலும் பிடித்தேன். பிரபாகர் ஹாலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. துளசி. வீட்டில் இருக்கச் சொன்னால் பின்னாலேயே வந்திருக்கிறாள். “அழுத்துங்,” என்றாள். அழுத்தினேன். கறை போனது. அடுத்த பீஸ். அதுவும் போனது. அவள் தோள் என் தோளில் இடிக்க, அவள் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில், இருவர் மூக்குக்கும் நேராக மருந்து. அவளை அந்த அறையிலிருந்து வெளியே எடுக்கத்தான் நான் வந்தேன். இப்போது முன்பைவிடக் கிட்டத்தில் நிற்கிறாள்.

“உங்க ரெண்டு பேத்துக்கும் சுத்திப் போடோணும்,” என்று ரோஸ்லின் சிரித்தாள். மாதேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கன்னை டேபிளில் வைத்துவிட்டு எழுந்தேன்.

“இது நரம்புத் தளர்ச்சி இல்ல,” என்றேன். என் குரல் இப்போதெல்லாம் மெல்லியதாகிவிட்டது, யாருக்கும் கேட்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். “ரோஸு, இது நரம்புத் தளர்ச்சி இல்ல. எனக்கு வந்தது பார்க்கின்சன். இந்த மருந்துனால வரும்ங்கறாங்க. மூக்கு பழகறதில்ல புள்ள, மூக்கு சாகுது. நாம சாவுக்குப் போண்டா வாங்கித் தின்னுருக்கறோம்.”

ரோஸ்லின் தன் கன்னைக் கீழே வைத்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பாதி சொன்னவனை அவர்கள் நல்லவன் என்று நினைத்திருப்பார்கள்.

“அந்த ஃபேன் ரிப்பேர் இல்ல. என்னிக்குமே ரிப்பேர் ஆனதில்ல. பதினோரு வருசத்துக்கு முன்னால நாந்தான் ஒயரக் கழட்டச் சொன்னேன். வளையம் விழுகுதுன்னு.”

துளசி என் மணிக்கட்டை விட்டாள். கை மறுபடி ஆட ஆரம்பித்தது. அதை மறைக்கவில்லை.

ரோஸ்லின் ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டாள். ஏறி ஒயரை அவளே மாட்டினாள். ஃபேன் சுற்றியது. இறங்கும்போது என்னைப் பார்த்து, “பத்து வருசம் அண்ணான்னு கூப்புட்டனே,” என்றாள். திட்டியிருந்தால் தேவலாம்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. துளசி எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

பிரபாகர் போன் செய்தான். இனிமேல் நானும் வர வேண்டாம், அக்காவும் வர வேண்டாமாம். இரண்டு நாளாக ஃபேன் ஓடி, நூற்றுக்கு இருபது பீஸ் வளையமாம். இன்று காலையில் ஃபேனையே சுவரிலிருந்து எடுத்துவிட்டார்களாம். ஓட்டையில் அட்டை வைத்து அடைத்தாயிற்றாம்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். ரோஸ்லின், மாதேஸ்வரி, இன்னும் மூன்று பேர். சர்ச்சிலிருந்து நேராக வந்த ரோஸ்லின் பட்டுச் சேலையில் இருந்தாள். என்னை அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன், வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். துளசி பாயை விரித்தாள்.

யாரும் உட்காரவில்லை. ரோஸ்லின்தான் முதலில் என் முன்னால் வந்து நின்று வலது கையை நீட்டினாள்.

“பாருங்க,” என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

“நான் டாக்டர் இல்ல புள்ள.”

“உங்களுக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல. பாருங்க.”

பார்த்தேன். சுண்டுவிரல் மட்டும், யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரி. அவள் என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டாள்.

“அடுத்த வாரம் கோயமுத்தூர் போலாம்,” என்றேன். “நான் கூட்டிட்டுப் போறேன். என்ன வேலை, என்ன மருந்து, எத்தன வருசம், எல்லாத்தையும் நானே சொல்றேன். ஃபேனையும் சொல்றேன். எழுதிக்கட்டும்.”

“எழுதிக்கிட்டா?”

“தெரியல ரோஸு.”

மற்றவர்கள் ஒவ்வொருவராக நீட்டினார்கள். மாதேஸ்வரி கை நடுங்கியது, ஆனால் அது பயம், எனக்கு வித்தியாசம் தெரியும். சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். துளசி எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். நாளையிலிருந்து அவள் பழைய இடத்துக்கே பிசிறு வெட்டப் போகிறாளாம், அதை அவர்களிடம் சொல்லும்போதுதான் எனக்கும் தெரிந்தது. மாதேஸ்வரி தானும் வருவதாகச் சொன்னாள். மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாளைக்கு அவர்கள் அந்த அறைக்குத்தான் போவார்கள்.

அவர்கள் போன பிறகு துளசி டம்ளர்களைக் கழுவினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். நாலு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டினாள்.

வெகு நேரம் பார்த்தேன். அடுப்படியில் இரும்புச் சட்டி பிடித்துக் காய்த்த உள்ளங்கை, கத்தரிக்கோல் அழுத்திய தழும்பு, ஐந்து விரல். எதுவும் அசையவில்லை.

“நடுங்கல,” என்றேன்.

“நெசமாத்தானுங்?”

“நெசமாத்தான்.”

அவள் பெருமூச்சு விட்டுவிட்டு உலை வைக்கப் போனாள். என் கையும் முதல் பதினைந்து வருஷம் இப்படித்தான் நடுங்காமல் இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.